ஒலிக்காத மணி

பிள்ளைகள் பிழைப்பை நாடி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட, முதியோர் மட்டும் தங்கியிருக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் பெருகிவிட்டன. பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் இல்லமும் அவற்றுள் ஒன்று. நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்களாயிருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்களோடு அம்மா இருக்கிறார்கள், வயது 85. ஒரே மகன் சிங்கப்பூரில் பணிபுரிகிறான்.

2022-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து மழையிரவு ஒன்றில், பின்கட்டிலுள்ள குளியலறைக்குச் செல்ல எழுந்த அம்மா, சுவிட்சைத் தேடி இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, நிலைப்படி தடுக்கி விழுந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் நாங்கள் மாறி மாறி அவர்கள் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். கட்டுப் பிரித்த பின்னும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவ்வழக்கத்தை விடவில்லை. எங்களுள் ஒருவருக்கு முதுகுவலி. மற்றவருக்கு ஒருமுறை உறக்கம் கலைந்தால் விடியும் வரை மீண்டும் வராது. இவற்றையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த மகன் ஒரு பெட்டி நிறையக் கருவிகளைக் கொண்டுவந்து வீடெங்கும் பொருத்தியபோது, நாங்கள் அதை எவ்வளவு ஆவலோடு வரவேற்றிருப்போம் என்பதை வாசகர்கள் உணர வேண்டும்.

அவன் செய்துவைத்த ஏற்பாடு இதுதான். அம்மாவின் கட்டிலை ஒட்டிய சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், வெள்ளை நிறத்தில் ஒரு பொத்தான். கம்பி எதுவும் கிடையாது. உள்ளே கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற வில்லை வடிவ பேட்டரி ஒன்று. அப்பொத்தானை அமுக்கினால் மாடியில் எங்கள் அறையிலுள்ள மணி ஒலிக்கும். அறை வாசலிலிருந்து குளியலறை வரையுள்ள நடைவழியில், ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் உணர்கருவிகள் இரண்டு. அம்மா நடைவழியில் கால் வைத்ததும் விளக்குகள் தாமே எரியும். அவர்கள் திரும்பிச் சென்று படுத்தபின் தாமே அணையும். இவையன்றி, வெந்நீர் ஹீட்டருக்கும் மின்விசிறிகளுக்கும் கைபேசியிலிருந்தே இயக்கத்தக்க சுவிட்சுகள்.

பொத்தானும் மணியும் ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்கின்றன என்றுதான் நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வாறன்று. பொத்தான், உணர்கருவி, நடைவழி விளக்கு, மணி ஆகிய யாவும் ‘ஜிக்பீ’ எனப்படும் வானொலி முறையில் ஒரு சிறு பெட்டியோடு பேசுகின்றன. இரண்டு தீப்பெட்டிகளைச் சேர்த்துவைத்த அளவே உள்ள அப்பெட்டி, தான் கேட்டதை வீட்டு இணைய வலையின் வழியாக மற்றொரு கருவிக்கு எடுத்துச் சொல்கிறது. முடிவெடுக்கும் மூளை அந்த மற்றொரு கருவிதான். எங்கள் வீட்டில் அது மகன் முன்பு பயன்படுத்திய பழைய மடிக்கணினி. அதில் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்னும் மென்பொருள் இயங்குகிறது. நெதர்லாந்து நாட்டவரான பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-இல் எழுதத் தொடங்கி, பின்னர் உலகெங்குமுள்ள ஆர்வலர் பலர் கூடி வளர்த்துவரும் மென்பொருள், விலையின்றியே கிடைக்கிறது. பொத்தான் அமுங்கியது என்ற செய்தி பெட்டி வழியாக மடிக்கணினிக்குப் போக, மணியை அடி என்ற கட்டளை அதே பெட்டிக்குத் திரும்பி வர, பெட்டி அதை மாடியிலுள்ள மணிக்குச் சொல்லும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பெட்டியும் மடிக்கணினியும் சந்திக்கும் சந்தியாக நடுவில் இருப்பது, இணையத்துக்காக முன்னறையில் வைத்திருக்கும் ரவுட்டர்.

ஆறு மாதம் ஒரு குறையுமில்லை. நாங்கள் மாடியில் எங்கள் படுக்கைக்குத் திரும்பினோம்.

2024-ஆம் ஆண்டு ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், மின்கம்பிகள் எம்மாத்திரம்? ஒருநாள் நள்ளிரவுக்குச் சற்றுமுன் மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டர் இருந்தமையால் எங்கள் தலைக்கு மேலிருந்த மின்விசிறி நிற்கவில்லை, நாங்களும் விழிக்கவில்லை. மின்சாரம் போன செய்தியே எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். காலை ஐந்து மணிக்குக் கீழே இறங்கி அம்மாவின் அறை விளக்கைப் போட்டபோது, அவர்கள் கட்டிலின் விளிம்பில், இரு கைகளாலும் மெத்தையைப் பற்றியபடி அமர்ந்திருந்தார்கள். சேலை நனைந்திருந்தது. தரையும் நனைந்திருந்தது.

“பொத்தானை அமுக்கவில்லையா அம்மா?” என்று கேட்டோம்.

“அமுக்குனேன். மூணு தரம் அமுக்குனேன். பகலெல்லாம் அலைஞ்சிட்டு அசந்து தூங்குதீயன்னு நெனச்சேன். நடையில வெளக்கும் எரியலை. இருட்டுல போயி விழுந்துட்டா ஒங்களுக்குத்தான கஷ்டம்? அதான் உக்காந்துட்டேன்.”

நடு அறைக் கடிகாரம் இரண்டு அடித்தபோது எழுந்தார்களாம். மூன்று மணி நேரம். அவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கவைத்து முடிக்கும் வரை நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

அதன்பின் நாங்கள் செய்தவை பெரும்பாலும் தவறுகள். வாசகர்களுக்கு உதவக்கூடும் என்பதால் மறைக்காமல் சொல்கிறோம். முதலில் கைபேசியை எடுத்து மின்விசிறியை இயக்கிப் பார்த்தோம், சுழன்றது. ஹீட்டரை இயக்கிப் பார்த்தோம். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆகவே அமைப்பு முழுவதும் நலமாயிருக்கிறது, பொத்தானின் பேட்டரிதான் தீர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினோம். கடை திறக்கும் வரை காத்திராமல், பழைய எடைக்கருவி ஒன்றிலிருந்த வில்லையைக் கழற்றிப் போட்டோம். மணி ஒலிக்கவில்லை. பொத்தானே பழுதென்று எண்ணினோம். நடைவழி விளக்கும் எரியவில்லையே என்பது நினைவுக்கு வந்ததும், உணர்கருவியும் பழுதென்று எண்ணினோம்!

நாற்பதாண்டு காலம் வகுப்பறையில் நின்றவர்கள் நாங்கள். ஒரே வரிசையில் அமர்ந்த மூவர் ஒரே தவறான விடையை எழுதியிருந்தால், மூவருக்கும் தனித்தனியே அறிவு மழுங்கியது என்று எந்த ஆசிரியரும் கொள்ளமாட்டார். மூவரும் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்றே தேடுவார். பொத்தான், மணி, உணர்கருவிகள், விளக்குகள் அத்தனையும் ஒரே இரவில் கெட்டன. மின்விசிறியும் ஹீட்டரும் கெடவில்லை. முன்னவை யாவும் ஜிக்பீ பெட்டியின் வழியே செல்பவை. பின்னவை அப்பெட்டியின் துணையின்றி வைஃபையில் நேரே ரவுட்டரோடு இணைந்தவை. இந்த ஒரு வேற்றுமையை அப்போதே கவனித்திருந்தால் பழுது எங்கே என்பது பாதி விளங்கியிருக்கும். நாங்களோ கையில் அகப்பட்டதையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வீட்டில் பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி ஒருவன் உதவிக்கு வந்தான். ரவுட்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, ஒரு குண்டூசி இருந்தா குடுங்க” என்றான். பின்புறத்திலுள்ள நுண்துளையில் ஊசியை விட்டு அழுத்தினால் எல்லாம் புதிதாகிவிடும் என்பது அவன் கணக்கு. அதே வேளையில் சிங்கப்பூரிலிருந்து மகன் அழைத்தான். அங்கே மணி எட்டரை, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும், “அப்பா, அதைத் தொடாதீங்க! ஊசியை வாங்கி வையுங்க!” என்று கத்தினான். அத்துளையிலுள்ள பொத்தான் ரவுட்டரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மாற்றிவிடும். வீட்டு வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும், இணையம் தருவோர் எழுதிவைத்த குறிப்புகளும் அழிந்துவிடும். அதன்பின் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியையும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு பழுதைத் தேடப் புகுந்து இருபது பழுதுகளை உண்டாக்கியிருப்போம்.

மகன் எங்களை ஒழுங்குபடுத்தினான். பெட்டியில் விளக்கு எரிகிறதா? எரிகிறது. ரவுட்டரையும் பெட்டியையும் இணைக்கும் கம்பி இரு முனையிலும் இறுகியிருக்கிறதா? இறுகியிருக்கிறது. இனி மடிக்கணினியிலிருந்து பெட்டியைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றான். இவ்வாறு கூப்பிடுவதற்குப் ‘பிங்’ என்றொரு சிறு நிரல் உண்டு. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர், இணைப்பில் நேர்ந்த ஒரு கோளாற்றைக் கண்டறிய எழுதியது. கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியின் ஓசையை வைத்து அப்பெயரிட்டார். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி வருகிறதா என்று பார்ப்பது போன்றதே. பெட்டியின் முகவரியை அவன் சொல்லச் சொல்ல எழுத்துக் கூட்டித் தட்டினோம். பதில் வந்தது, மீண்டும் மீண்டும் வந்தது.

“பதில் வருகிறது! பெட்டி நலமாயிருக்கிறது!” என்றோம்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பதில் வருதும்மா, சரி. யாரு பதில் சொல்றா?” என்று கேட்டான்.

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, எந்த முகவரியில் எந்தக் கருவி இருக்கிறது என்ற பட்டியலைப் படிக்கச் சொன்னான். நாங்கள் கூப்பிட்ட முகவரிக்கு நேரே எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் பெயர் இருந்தது.

நிகழ்ந்தது இன்னதென்று பின்னர் விளங்கிற்று. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு முகவரி வழங்குகிறது. நான்கு எண்கள் கொண்ட அம்முகவரி பெரும்பாலான வீடுகளில் 192, 168 என்றே தொடங்கும். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் செல்லுபடியாகும் எண்களாக இவற்றை 1996-இல் வெளியான விதியொன்று ஒதுக்கிவைத்திருக்கிறது. ஆகவே அடுத்த வீட்டிலும் இவையே இருக்கலாம், குழப்பமில்லை. எங்கள் வீட்டில் கருவிக்குக் கருவி வேறுபடுவது கடைசி எண் மட்டுமே. ஜிக்பீ பெட்டிக்கு அந்த டிசம்பரில் கிடைத்த கடைசி எண் 23. பெட்டி 23-இல் இருக்கும், அங்கே போய்ப் பேசு என்று மகன் மடிக்கணினியில் எழுதிவைத்துவிட்டுச் சென்றான். மடிக்கணினிக்கு மட்டும் மாறாத எண்ணைக் குறித்தவன், பெட்டிக்கும் அவ்வாறு குறிக்க மறந்துவிட்டான். விடுமுறையின் கடைசி நாள், விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ரவுட்டர் வழங்கும் முகவரி சொந்த மனையன்று, குத்தகை. இந்த முறையை 1993-இல் வகுத்தவர்கள் ஆங்கிலத்தில் இட்ட பெயரே குத்தகை என்னும் பொருளுடையதுதான். குறித்த காலத்துக்குக் கொடுப்பார்கள். காலம் முடியுமுன் கருவி அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதமாக எங்கள் பெட்டி ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டு 23-இல் குடியிருந்தது. அன்றிரவு மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் இடைவெளி கண் இமைக்கும் நேரந்தான். மின்விசிறி அந்த இடைவெளியைத் தன் சுழற்சியின் வேகத்திலேயே கடந்துவிட்டது. ரவுட்டர் அணைந்துபோயிற்று. யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்ற கணக்கை எங்கள் ரவுட்டர் நினைவில் மட்டுமே வைத்திருந்தது. அணைந்ததும் கணக்கு மறைந்தது. மீண்டும் எழுந்ததும், கேட்டவர்க்குக் கேட்ட வரிசையில் எண்களைப் புதிதாகப் பங்கிட்டது. தொலைக்காட்சி முந்திக்கொண்டு 23-ஐ வாங்கியது. ஜிக்பீ பெட்டிக்கு 27 கிடைத்தது. மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி உண்டு, அது அணையவேயில்லை. குடிமாறிய செய்தியை அறியாமல், இரவு முழுவதும் அது தொலைக்காட்சியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

திருத்தம் எளிதாகவே முடிந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படும் பிறவிக்குறி ஒன்று உண்டு. எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்டது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்து அதைப் படித்து, இக்குறி உடையவனுக்கு என்றும் 23, பிறருக்கு அதைத் தரலாகாது என்று ரவுட்டரில் பதிந்தோம். ரவுட்டரையும் பெட்டியையும் ஒருமுறை அணைத்து ஏற்றினோம். அம்மாவை மெல்ல அழைத்துவந்து நடைவழியில் கால் வைக்கச் சொன்னோம். பட்டப்பகலில் விளக்கு எரிந்தது.

எங்கள் உள்ளத்தை உறுத்தியது அதன் பின்னர்தான். மடிக்கணினி தன் நடவடிக்கைகளைத் தானே ஒரு நாட்குறிப்பில் எழுதிவைக்கும் வழக்கமுடையது. அதைத் திறந்து காட்டினான் மகன். இரவு 11.52-க்கு ஒரு வரி: பெட்டியோடு இணைப்பு அறுந்தது. அதன்பின் சிறிது நேரத்துக்கு ஒருமுறை: இணைக்க முயன்றேன், முடியவில்லை. இணைக்க முயன்றேன், முடியவில்லை. பக்கம் பக்கமாக, விடியும் வரை. அம்மா எழுந்து அமர்ந்த இரண்டு மணிக்கும் அந்த வரி இருந்தது. மும்முறை பொத்தானை அமுக்கிய செய்தி மட்டும் அதில் இல்லை. பெட்டி வரை வந்து அங்கேயே நின்றுபோன செய்தி அது. கீழறையில் ஓர் இயந்திரம் தன்னால் இயலவில்லை என்று ஐந்து மணி நேரம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் படிக்க எவருமில்லை. யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதற்கு ஒருவரும் சொல்லி வைக்கவுமில்லை.

மணி ஒலிக்காத இரவுகளில் நாங்கள் என்ன எண்ணி உறங்கினோம்? அம்மா நன்றாய் உறங்குகிறார்கள் என்று எண்ணினோம். பாயில் படுத்திருந்த காலத்தில் அவர்கள் மூச்சு எங்களுக்குக் கேட்கும், இருமல் கேட்கும், புரண்டு படுத்தால் கட்டில் கிறீச்சிடும். இவையெல்லாம் இருக்கின்றன என்பதே செய்தி. மணியோ ஒலித்தால் மட்டுமே செய்தி. ஒலிக்காதபோது, வேண்டாமையால் ஒலிக்கவில்லையா, இயலாமையால் ஒலிக்கவில்லையா என்பதை அது சொல்வதில்லை. தொலைக்காட்சியின் பதிலைப் பெட்டியின் பதிலாகக் கொண்டதற்காக அடுத்த வீட்டுத் தம்பியோடு சேர்ந்து சிரித்தோம். அறுந்துபோன மணியின் மௌனத்தை அம்மாவின் நலமாகக் கொண்டதை எண்ணியபோது சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். பழுது நேர்ந்த நாள், நேரம், எது இயங்கிற்று, எது இயங்கவில்லை என்று எழுதினோம். அது வீண்போகவில்லை, தொல்லை முற்றிலும் தீர்ந்திருக்கவில்லையன்றோ?

இரண்டு நாள் கழித்து, பொத்தானை அமுக்கினால் சில வேளை ஒலித்தது. சில வேளை ஒலிக்கவில்லை. முற்றிலும் கெட்டதைவிட இது கொடிது. இதற்கும் மூலம் அந்த இமைப்பொழுதுதான் என்று மகன் கண்டுபிடித்தான். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே வானொலிப் பரப்பில், ஏறத்தாழ 2400 முதல் 2480 மெகாஹெர்ட்சு வரையுள்ள பகுதியில், பேசுபவை. எங்கள் ஜிக்பீ அதன் 11-ஆம் அலைவரிசையில் இருந்தது. அது 2405 மெகாஹெர்ட்சு. மீண்டும் எழுந்த ரவுட்டர், முன்பிருந்த அலைவரிசையை விட்டு, வைஃபையின் 1-ஆம் அலைவரிசையைத் தானாகத் தேர்ந்துகொண்டது; அதன் நடுப்புள்ளி 2412; இரு பக்கமும் பத்து மெகாஹெர்ட்சு அளவுக்கு அது பரந்து பேசும். போதாக்குறைக்கு, பெட்டியை நாங்கள் ரவுட்டரின் தலைமேலேயே வைத்திருந்தோம். ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்து இரகசியம் பேசுவது போலாயிற்று. ரவுட்டரை வைஃபையின் 11-இல் நிலையாக நிறுத்தினோம், அது 2462. இருவருக்கும் 11 என்றே பெயர், ஆனால் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாது. ஜிக்பீயின் அலைவரிசையை மாற்றுவது உசிதமன்று; பொத்தானும் உணர்கருவிகளும் புதிய இடத்தைத் தேடித் தவிக்கும், சிலவற்றை மீண்டும் சேர்க்க நேரும். பெட்டியை நீளமான கம்பியில் இணைத்து, முன்னறையின் மறு மூலையில், சன்னலருகே வைத்தோம். அதன்பின் பகல் முழுவதும் ஒரு தவறுமில்லை.

பகல் முழுவதும் என்று சொன்னது காரணத்தோடுதான். அந்த வாரத்தில் மூன்று இரவுகள் நடைவழி விளக்கு எரியவில்லை. காலையில் பார்த்தால் எரியும். மகன் தொலைவிலிருந்து சோதித்தபோதும் எரிந்தது. அவன் சோதித்தது நம் ஊர் மாலை ஆறு மணிக்கு. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். பழுது நேர்ந்த நேரங்கள் 10.40, 11.15, 1.30. பத்து மணிக்கு முன் ஒரு பழுதும் இல்லை. காலை ஐந்தரைக்குப் பின்னும் இல்லை. பத்து மணிக்கு இவ்வீட்டில் என்ன நடக்கிறது? நாங்கள் படுக்கச் செல்கிறோம். படுக்கச் செல்லுமுன் என்ன செய்கிறோம்? நடு அறை விளக்கை அணைக்கிறோம்.

ஜிக்பீ முறையில் ஒரு நுட்பம் உண்டு. பேட்டரியில் இயங்கும் சிறு கருவிகளின் குரல் தொலைவு எட்டாது. மின்சாரத்தில் இயங்கும் விளக்குகளும் மணிகளும் அக்குரலை வாங்கி அடுத்தவருக்குக் கைமாற்றும். கிணற்றடியிலிருந்து தொட்டி வரை வரிசையாய் நின்று வாளியைக் கைமாற்றுவதைப் போல. முன்பு பெட்டி இருந்த இடத்துக்கு உணர்கருவியின் குரல் நேரே எட்டிற்று. நாங்கள் பெட்டியைச் சன்னலோரத்துக்கு மாற்றியதும், அது நடு அறையிலிருந்த ஜிக்பீ பல்பைத் துணையாகக் கொண்டுவிட்டது. அந்தப் பல்பைக் கைபேசியில் அணைத்தால் ஒளி மட்டுமே போகும்; கைமாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தாலோ உயிரே போய்விடும். நடுவில் நின்றவர் விலகிவிட்டார், வாளி நின்றுவிட்டது.

ஆளில்லாத அறையில் விளக்கு எரியலாகாது என்று எங்கள் மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! மாடிப்படியில் ஏறுமுன் அந்த சுவிட்சை அணைக்காவிட்டால் எங்களுக்கு உறக்கம் வராது. சிக்கனம் என்று நாங்கள் பெருமைப்பட்ட அந்தப் பழக்கம், இரவு தவறாமல் அம்மாவின் வழியை இருட்டாக்கிக்கொண்டிருந்தது. சுவிட்சின் மேல் ‘அணைக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டினோம். அப்படியிருந்தும் இருமுறை கை தானாகச் சென்று அணைத்துவிட்டது. பிறகு ஒருநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அந்த சுவிட்சையே நீக்கி, கம்பியை நேரே இணைத்து, துளையை மூடிவிட்டோம்.

அவர் எங்கள் தெருவில் முப்பதாண்டுகளாகக் கம்பி இழுப்பவர். கதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஏணியிலிருந்து இறங்கி, அம்மாவின் அறையிலிருந்து மாடி வரை பார்வையாலேயே அளந்துவிட்டு, “சார், டீச்சர், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இங்கேருந்து மேல பதினஞ்சு மீட்டர் ஒயர். ரெண்டு பேட்டரி, ஒரு மணி, ஒரு சுவிட்சு. கரண்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். போட்டுத் தரட்டுமா?” என்றார்.

அன்று மாலையே போட்டுத் தந்தார். மகனிடம் தயக்கத்தோடு சொன்னோம், வருந்துவானோ என்று. அவனோ, “முதல்லயே நான் செஞ்சிருக்கணும்ப்பா” என்றான். விளக்கும் உணர்கருவியும் இருந்துவிட்டுப் போகட்டும், ஒருநாள் எரியாவிட்டால் மணி இருக்கிறது. மணி ஒலிக்காவிட்டால் என்ன இருக்கிறது என்பது அவன் கேள்வி. இப்போது அம்மாவின் கட்டிலருகே இரண்டு பொத்தான்கள் உள்ளன. வெள்ளையானது கம்பியில்லாதது, கறுப்பானது கம்பியுள்ளது. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இன்வெர்ட்டரின் இமைப்பொழுதைத் தாங்கும் சிறு பேட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறோம். பெட்டியோடு இணைப்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் அறுந்திருந்தால், மடிக்கணினி இனித் தனக்குத்தானே எழுதிக்கொண்டிராமல் எங்கள் கைபேசியில் கூவ வேண்டும் என்று மகன் ஏற்பாடு செய்திருக்கிறான். 2025-ஆம் ஆண்டில் அது இருமுறை கூவியது. இரண்டாம் முறை பெட்டியின் கம்பியை எலி கடித்திருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வழக்கம் வைத்தோம். இரவு சரியாக ஒன்பது மணிக்கு அம்மா இரண்டு பொத்தான்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்க வேண்டும். மாடியில் இரண்டு மணிகளும் ஒலிக்க வேண்டும். ஒன்று ஒலிக்காவிட்டாலும் அன்றிரவு எங்களுள் ஒருவர் கீழே பாய் விரிப்போம். ஒலித்தாலும், ஒருவர் இறங்கி வந்து, கேட்டது என்று அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி மகன் சொன்னதன்று, அம்மா கேட்டது. “கேட்டுச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

சென்ற மாதம் ஓரிரவு ஒன்பது மணிக்கு இரண்டு மணிகளும் ஒலித்தன. வழக்கம்போல் இறங்கிச் சென்று சொல்லிவிட்டு மாடிக்குத் திரும்பினோம். பத்தரை மணிக்குக் கறுப்புப் பொத்தானின் மணி மீண்டும் ஒலித்தது. இருவரும் செருப்பும் அணியாமல் படியில் ஓடினோம். நடைவழி விளக்கு எங்களைக் கண்டு எரிந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார்கள்.

“என்ன அம்மா?”

“ஒண்ணுமில்ல. காத்து பலமா அடிச்சுது. கரண்டு போயிருக்குமோன்னு அமுக்கிப் பார்த்தேன்.”

மின்சாரம் போயிருக்கவில்லை. சற்று நேரம் கட்டிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு மேலே சென்றோம்.